கிள்ளான் பள்ளத்தாக்கில் சொகுசு கார் முகவர்களும் பட்டறைகளும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் விலை உயர்ந்த கார் வைத்திருப்போரின் குறைகளில் வண்டியின் பழுது இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது காத்திருப்பு. முகவரின் சர்வீஸ் நிலையத்தில் விட்ட கார் என்றைக்குத் திரும்பும் என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. தொலைபேசியை எடுப்பவருக்கு வண்டியின் நிலை தெரியாது. தெரிந்தவர் தொலைபேசிக்கு வருவதில்லை. இன்றைய ஊழியர்களின் மெத்தனம் என்று மட்டும் இதைப் பார்த்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். மலாயாவில் கார் வணிகம் வேரூன்றியபோதே, வண்டியைச் செய்பவர் கடலுக்கு அப்பாலும் வாங்குபவர் இங்கும் இருந்தார்கள். முகவர் நடுவில் நின்றார். அந்த அமைப்பு நூறாண்டைத் தாண்டியும் பெரிதாக மாறவில்லை.

காருக்கு முன்பே இயந்திரப் பராமரிப்பு இந்தப் பகுதிக்கு வந்துவிட்டது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நகரத்துக்கு எதிரே ஆற்றின் மறுகரையிலிருந்த புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1890-இல் பாதை ஆற்றைத் தாண்டிக் கிள்ளான் நகரத்துக்குள் வந்தது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1880-களில் தலைநகரைச் செங்கல்லால் திருப்பிக் கட்டுவதற்காகச் சூளைகள் எரிந்த பிரிக்பீல்ட்ஸ், பிறகு ரயில்வேயின் கிடங்கும் குடியிருப்பும் நிறைந்த இடமானது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பாதைத் தொழிலாளர்களாகவும் பட்டறைக் கைகளாகவும் அங்கே குடியேறினார்கள். வடக்கே செந்தூலில் மத்தியப் பட்டறை எழுந்தது. எஞ்சின்களை அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டியதும், பயணிகள் பெட்டிகளைக் கட்டியதும் அங்கேதான். ஓட்டுபவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் ஒரே முதலாளி. வண்டி நின்றால் நட்டமும் அவருக்கே. ஆகவே பட்டறையில் கிடக்கும் எஞ்சினைப் பற்றிக் கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். கார் வந்தபோது இந்த ஒழுங்கு கூடவே வரவில்லை.

1896-இல் காட்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் சிங்கப்பூரில் ஒரு பென்ஸ் வண்டியை இறக்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1899-இல், கோலாலம்பூர் ஹை ஸ்திரீட்டில் சுவா குடும்பத்துச் சகோதரர்கள் ஃபெடரல் ஸ்டோர்ஸ் என்ற கடையைத் திறந்தார்கள். மகாமாரியம்மன் ஆலயம் நிற்கும் இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீதான் அந்தத் தெரு. ஜாதிக்காயும் சோப்பும் விற்ற கடை அது. பெயரை சைக்கிள் அண்ட் கேரியேஜ் என்று மாற்றிக்கொண்டு சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார் என்று படிப்படியாக ஏறியது. 1906-இல் சிங்கப்பூரில் தொடங்கிய வேர்ன் பிரதர்ஸ் மலாயா முழுவதும் ஃபோர்டு போன்ற வண்டிகளைக் கொண்டுவந்தது. இவர்கள் அடிப்படையில் இறக்குமதி வணிகர்கள். சோப்பு விற்ற கணக்கிலேயே காரும் விற்கப்பட்டது. ஆனால் சோப்பு விற்றதோடு கணக்கு முடிந்துவிடும். காருக்கு அதற்குப் பிறகுதான் கணக்கே தொடங்கும். இதை வணிகர்கள் மெதுவாகத்தான் புரிந்துகொண்டார்கள். சிலர் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்பதே வாடிக்கையாளர்களின் கட்சி.

1910-ஐ ஒட்டி ரப்பர் விலை விண்ணைத் தொட்டபோது தோட்டத் துரைமார்களும் ஈயச் சுரங்க முதலாளிகளும் கார் வாங்கினார்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் அதை ஓட்டுவது அபூர்வம். சையிஸ் என்று அழைக்கப்பட்ட ஓட்டுநரே வண்டியைக் கழுவி, எண்ணெய் மாற்றி, சிறு பழுதுகளைத் தானே பார்த்து, பெரிய பழுதென்றால் பட்டறைக்குக் கொண்டுபோய் நின்றார். காத்திருந்தது அவர், துரை காத்திருக்கவில்லை. உதிரிபாகம் கைவசம் இல்லையென்றால் முகவர் ஐரோப்பாவுக்குத் தந்தி அடிப்பார். சரக்கு கப்பலில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். தாமதத்துக்குக் கடலைக் காரணம் காட்டும் வழக்கம் அப்போது நேர்மையானதாகவே இருந்தது.

அந்தக் கடல்வழி அடைபட்ட காலமும் ஒன்று உண்டு. 1942 ஜனவரியில் ஜப்பானியர் கோலாலம்பூரைப் பிடித்தபின் பெட்ரோலும் பாகங்களும் வராமல் போயின. மரக்கரி வாயுவில் வண்டிகளை ஓட்டினார்கள்; நின்ற வண்டியிலிருந்து கழற்றி ஓடும் வண்டிக்குப் பூட்டினார்கள். முகவர் இல்லாமலும் வண்டியை ஓட வைக்கலாம் என்று உள்ளூர்ப் பட்டறைகள் கற்றுக்கொண்ட காலம் அது.

போருக்குப் பின் 1951-இல் சைக்கிள் அண்ட் கேரியேஜ் மெர்சிடிஸ் பென்ஸின் முகவர் உரிமையைப் பெற்றது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு இந்த நாட்டில் மெர்சிடிஸ் என்றால் அந்த நிறுவனம்தான். தவுக்கேகளும் அரசியல்வாதிகளும் வழக்கறிஞர்களும் அந்த நட்சத்திரச் சின்னத்தை வெற்றியின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். தமிழர் குடும்பங்களிலும் அப்படித்தான்: கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்க ஒரு பென்ஸ் கிடைத்துவிட்டால் சம்பந்தி வீட்டாரின் மதிப்பே வேறு. ஒரு வகை வண்டிக்கு ஒரே முகவர் என்ற ஏற்பாட்டின் விளைவு எளியது. சர்வீஸ் பிடிக்கவில்லையென்றால் வேறு கடைக்குப் போக வழியில்லை. வேறு வண்டி வாங்கத்தான் வழியுண்டு.

1960-களில் அரசு, முழு வண்டியாக இறக்காமல் பாகங்களாக இறக்கி இங்கேயே பூட்டச் சொன்னது. 1967-இல் ஷா ஆலம் பகுதியில் வோல்வோவுக்காகத் திறக்கப்பட்ட சுவீடிஷ் மோட்டார் அசெம்பிளீஸ் ஆலை அந்தக் கொள்கையின் முதல் பலன்களில் ஒன்று. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்த கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டி ஷோரூம்களும் பூட்டும் ஆலைகளும் வரிசை கட்டின. பெட்டாலிங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலம் என்ற அந்த வரிசை இன்றும் மாறவில்லை. அதே ஷா ஆலத்தில் கத்தோலிக்கச் சகோதரர்கள் நடத்திய மொன்ஃபோர்ட் இளைஞர் இல்லம், தோட்டப்புறத்து ஏழைப் பையன்கள் பலருக்கு மோட்டார் வேலை கற்றுக்கொடுத்தது. பட்டறைகளில் ஸ்பானர் பிடித்த கைகள் பல இத்தகைய இடங்களில் பழகியவை.

வண்டிகள் இங்கேயே பூட்டப்பட்டதால் சர்வீஸ் விரைவாகியிருக்க வேண்டும். அது நடக்காததற்கு வரிக்கொள்கையும் ஒரு காரணம். 1970-இல் பூமிபுத்ராக்களை மோட்டார் வணிகத்துக்குள் கொண்டுவரும் நோக்கில் ஏ.பி. எனப்படும் இறக்குமதி அனுமதி முறை தொடங்கியது. 1983-இல் புரோட்டோன் நிறுவனம் பிறந்து, 1985 ஜூலையில் சாகா ஷா ஆலத்திலிருந்து வெளிவந்தபின், தேசிய காரைக் காக்க வெளிநாட்டு வண்டிகள் மீது வரி குவிந்தது. கலால் வரி மட்டுமே 60 முதல் 105 விழுக்காடு வரை போனது. அயல்நாட்டுச் சொகுசு வண்டியின் விலை தாய்நாட்டில் விற்பதைப்போல் இரண்டு மடங்கு என்ற நிலை வந்தது. ஏ.பி. வைத்திருந்தவர்கள் ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஓட்டிப் பழகிய வண்டிகளைக் கொண்டுவந்து ‘ரிகோன்’ என்று விற்றார்கள். 2005-இல் இந்த அனுமதிகள் யாருக்குப் போயின என்ற கேள்வி வெடித்து, முன்னாள் பிரதமர் மகாதீரும் அமைச்சர் ரஃபிடா அசிசும் நேருக்கு நேர் மோதினார்கள். சர்வீஸ் கதைக்கு இதில் ஒரு சம்பந்தம் உண்டு. ரிகோன் வண்டியை விற்றவருக்குப் பட்டறை கிடையாது. அதிகாரபூர்வ முகவரோ ‘எங்களிடம் வாங்காத வண்டி’ என்று கை விரிப்பார். நட்சத்திரம் பதித்த காடியை வைத்துக்கொண்டு அநாதையாக நின்றவர்கள் இப்படித்தான் உருவானார்கள்.

பராமரிப்புச் செலவு அரசாங்கங்களையும் விடவில்லை. 2008-இல் திரங்கானு மாநில அரசு, புரோட்டோன் பெர்டானா வண்டிகளின் பழுதுச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி, 14 மெர்சிடிஸ் வண்டிகளை 34 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. பிரதமர் அப்துல்லா படாவியே அதிருப்தி தெரிவித்தார். பென்ஸ் வாங்கினால் பட்டறைச் செலவு மிச்சமாகும் என்று ஒரு மாநில அரசு நம்பியது இந்த வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

முகவர் முறைக்கு 2003 ஒரு திருப்புமுனை. அதுவரை முகவரிடம் விட்டுவைத்திருந்த வணிகத்துக்குள் ஜெர்மானிய உற்பத்தியாளர்கள் நேரடியாக இறங்கினார்கள். டைம்லர்கிரைஸ்லர் 51 விழுக்காடும் சைக்கிள் அண்ட் கேரியேஜ் பிந்தாங் 49 விழுக்காடும் கொண்ட கூட்டு நிறுவனம் மெர்சிடிஸின் மொத்த விநியோகத்தை ஏற்றது. அதே ஆண்டில் பி.எம்.டபிள்யூ, சைம் டார்பியுடன் சேர்ந்து மலேசிய நிறுவனத்தை அமைத்தது. பழைய ஏக முகவர், பல சில்லறை விற்பனையாளர்களில் ஒருவராக இறங்கினார். கடையை மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு முதல்முறையாக வழி கிடைத்தது. ஆனால் கடைகளுக்கு மேலே முடிவெடுக்கும் அடுக்கு ஒன்று கூடிவிட்டது.

அந்த அடுக்கு வேலை செய்யும் விதத்தைச் சற்று அருகில் பார்க்கலாம். காலையில் வண்டியை வாங்கிக்கொள்பவர் சர்வீஸ் அட்வைசர். வாடிக்கையாளர் சொல்வதை வேலைச்சீட்டில் எழுதுகிறார். ‘குளிர்சாதனத்தில் சத்தம்’, ‘காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது’. அவருக்கு ஸ்பானர் பிடித்த அனுபவம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சீட்டு உள்ளே தொழில்நுட்பருக்குப் போகிறது. அவர் கணினியை மாட்டிப் பிழைக் குறியீட்டைப் படிக்கிறார். காலையில் மட்டும் வரும் பழுது பிற்பகலில் வராது; குறியீடு இல்லையென்றால் ‘பழுது தென்படவில்லை’ என்று சீட்டு திரும்புகிறது. தென்பட்டாலும், வாரண்டியில் வரும் பாகம் என்றால் மாற்றுவதற்கு உற்பத்தியாளர் தரப்பின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் வந்தபின் பாகம் வேண்டும். அது உள்நாட்டுக் கிடங்கில் இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வந்த பாகத்தைப் பூட்டினால் மட்டும் போதாது. இன்றைய வண்டியில் பல மின்னணுப் பாகங்கள், உற்பத்தியாளரின் கணினிச் சேவையகத்தோடு இணைந்து அந்த வண்டிக்கென்று பதிவு செய்யப்பட்டால்தான் வேலை செய்யும். இத்தனை படிகளிலும் வாடிக்கையாளரின் தொலைபேசி எண் இருப்பது முதல் படியில் நிற்கும் அட்வைசரிடம் மட்டும். உள்ளே நடப்பது பாதிதான் அவருக்குத் தெரியும்; அதிலும் எதை வெளியே சொன்னால் பின்னால் தன் தலையில் விழும் என்ற அச்சம் வேறு. பேசாமல் இருப்பது அவருக்குப் பாதுகாப்பு. பெரும்பாலான மௌனத்துக்கு விளக்கம் இவ்வளவுதான். விளக்கம் என்பதால் அது மன்னிப்பு ஆகிவிடாது: ‘ஒப்புதலுக்குக் காத்திருக்கிறோம், வெள்ளிக்கிழமை சொல்கிறோம்’ என்ற ஒரு வரிக்கு ஜெர்மனியின் அனுமதி தேவையில்லை.

இதற்கிடையில் வங்கிக்கு மாதத் தவணை நிற்காது. 1967-ஆம் ஆண்டின் தவணைமுறைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வாங்கிய வண்டி பட்டறையில் மூன்று மாதம் கிடந்தாலும் தவணை தவணைதான்.

முகவரிடம் சலித்தவர்கள் போன இடம் தனியார் பட்டறை. அதன் வளர்ச்சிக்குத் துறைமுகம் துணை நின்றது. ஜப்பானில் கழிக்கப்பட்ட வண்டிகளைப் பாதியாக வெட்டி, எஞ்சினும் கியர்பெட்டியும் சேர்ந்த முன்பாதியைக் கப்பலில் இறக்கும் ‘ஹாஃப்-கட்’ வணிகம் கிள்ளான் சுற்றுவட்டாரத்தில் பெருகியது. புதுப் பாகத்தின் விலையில் ஒரு பங்குக்கு ஓடும் எஞ்சினே கிடைத்தது. பழைய பாகங்களின் இறக்குமதியை 2011 ஜூன் முதல் தடை செய்யப்போவதாக அரசு அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில் அந்த முடிவு கைவிடப்பட்டது. இந்தப் பட்டறைகளின் பலம் மலிவு மட்டுமில்லை. ஃபோர்மேன் பானெட்டைத் திறந்து, கறுத்த கையோடு பழுதைக் காட்டி, ‘இதுதான் போயிருக்கு அண்ணே, நாளை மறுநாள் வாங்க’ என்று சொல்லிவிடுவார். சொன்ன நாளில் முடியாமலும் போகும். ஆனால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் இல்லை. பலவீனமும் அங்கேயே இருக்கிறது: வாரண்டி உள்ள புது வண்டியை அங்கே திறந்தால் வாரண்டி கேள்விக்குள்ளாகலாம், சேவையகத்தோடு பேச வேண்டிய வேலையைப் பல பட்டறைகளால் செய்ய முடியாது.

வாடிக்கையாளரின் பக்கம் பேச அமைப்புகள் தாமதமாகவே வந்தன. 1965-இல் சிலாங்கூரில் நாட்டின் முதல் பயனீட்டாளர் சங்கம் தோன்றியது. 1969-இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், எஸ்.எம். முகமது இத்ரீசின் நெடுங்காலத் தலைமையில் ‘பயனீட்டாளர் குரல்’ என்று தமிழிலேயே இதழ் நடத்தியது. பயனீட்டாளர் உரிமை என்ற பேச்சைத் தோட்டப்புறம் வரை கொண்டுபோனதில் அந்த இதழுக்குப் பங்குண்டு. 1973-இல் ஃபோம்கா என்ற கூட்டமைப்பும், 1990-இல் பயனீட்டாளர் விவகாரத்துக்கென ஓர் அமைச்சும் வந்தன. 1999 வரை வாங்கியவருக்குச் சட்டத்தில் இருந்த முக்கியத் துணை, ஆங்கிலேயர் சட்டத்தை அடியொற்றிய 1957-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம். அதைக் கையிலெடுக்க வழக்கறிஞரும் பணமும் பொறுமையும் தேவைப்பட்டன.

1999 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நிலைமையை மாற்றியது. விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 32-ஆம் பிரிவு. பழுதுபார்ப்பு வசதியும் உதிரிபாகமும் நியாயமான அளவில் கிடைக்க உற்பத்தியாளர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 37. சர்வீஸ் வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்பது 53. காத்திருப்போருக்கு நேரடியாக உதவுவது 55-ஆம் பிரிவு: காலக்கெடு பேசப்படாத நிலையில், வேலை நியாயமான காலத்துக்குள் முடிக்கப்பட வேண்டும். நியாயமான காலத்தைத் தாண்டி இழுத்தடிப்பதை இந்தச் சட்டம் குறையாகக் கொள்வது இங்கேதான். பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற விதிமுறைகளும் 2002-இல் இதன் கீழ் வந்தன.

சொகுசு வண்டியை வைத்தே இந்தச் சட்டம் ஒருமுறை பெரிய சோதனைக்குள்ளானது. புஞ்சாக் நியாகா எதிர் என்.இசட். வீல்ஸ் என்று 2012-இல் சட்ட அறிக்கைகளில் வெளியான வழக்கில், நிறுவனம் ஒன்று வாங்கிய மெர்சிடிஸ் எஸ்350எல் மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் ஆக மறுத்தது. நிறுவனம் எப்படிப் பயனீட்டாளர் ஆகும் என்பது வழக்கின் முக்கியக் கேள்வி. நிறுவனமும் பயனீட்டாளர் ஆகலாம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். இந்நாட்டில் பெரிய கார்கள் பலவும் நிறுவனப் பெயரில்தான் பதிவாகின்றன என்பதால் இந்தத் தீர்ப்பின் எடை அதிகம். அண்டை நாடான சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் ‘லெமன் சட்டம்’ வந்தது. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும் என்கிறது அது. மலேசியாவிலும் அப்படியொன்று வேண்டும் என்று பயனீட்டாளர் அமைப்புகள் நெடுநாளாகக் கேட்டுவருகின்றன. கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அண்மைய நெருக்கடி 2020-க்குப் பிந்தையது. அந்த ஆண்டு ஜூன் முதல் 2022 ஜூன் வரை கார்களுக்கு விற்பனை வரிச் சலுகை கிடைத்தது, ஷோரூம்களில் கூட்டம். அதே காலத்தில் உலகெங்கும் மின்னணுச் சில்லுக்குப் பஞ்சம். பாகங்கள் வரத் தாமதம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் கார்கள் கூரை வரை மூழ்கின. வெள்ளத்துக்கென்று தனியாகக் காப்புறுதி எடுக்காதவர்கள் கைப்பணத்தைப் போட வேண்டியிருந்தது, பட்டறைகளில் இடமில்லை.

வழக்கு வரை போகாமல் தீர்க்க, 1999 சட்டமே அமைத்த பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. தொடக்கத்தில் 10,000 ரிங்கிட்டாக இருந்த அதன் வரம்பு 2003-இல் 25,000 ஆகவும் 2019-இல் 50,000 ஆகவும் உயர்ந்தது. சொகுசு வண்டியின் முழு விலையைக் கேட்க இது போதாது. தவறான பழுதுபார்ப்புக்குக் கட்டிய பணம், வேறிடத்தில் சரிசெய்த செலவு, வாடகை வண்டிச் செலவு ஆகியவற்றுக்கு இது போதும். வழக்கறிஞர்களுக்கு அங்கே அனுமதியில்லை. நிறுவனம் தன் முழுநேர ஊழியரையே அனுப்ப வேண்டும், ஆகவே தொலைபேசியை எடுக்காதவர் எதிர் நாற்காலியில் உட்கார நேரலாம். வேலைச்சீட்டுகள், பில்கள், வண்டியை விட்ட நாளும் எடுத்த நாளும் காட்டும் தாள்கள், அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றோடு படிவம் 1-ஐ நிரப்பி, குறை எழுந்த மூன்று ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் 5 ரிங்கிட்.